எட்டாவது ஆள்

என் அண்ணியின் நகக்கண்களில் எப்போதும் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கும். கரும்பச்சை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஏதோ மூலிகை அரைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு தெரிந்தது, அவள் சரித்திரத்துக்கு வர்ணம் அடிக்கிறவள் என்று.

சாலையோரங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரும்புக் கம்பத்தின் மேல் ஒரு வார்ப்புப் பலகை, பச்சைப் பின்னணியில் புடைத்து நிற்கும் வெள்ளை எழுத்து. "இவ்விடத்தில்" என்று தொடங்கும். முழுதாகப் படித்திருக்க மாட்டீர்கள், அதற்குள் பஸ் கிளம்பிவிடும். அந்த எழுத்துகள் வருஷம் முழுக்க வெள்ளையாகவே இருப்பது தானாக நடக்கிற காரியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருத்தி வாளியில் சோப்புத் தண்ணீரோடு போய்க் கழுவி, கம்பி பிரஷ் வைத்துத் துருவைச் சுரண்டி, ஒட்டியிருக்கும் டியூஷன் விளம்பரங்களைக் கிழித்து, பச்சை அடித்து, அது காய்ந்த பிறகு ஒவ்வொரு எழுத்தின் முதுகிலும் வெள்ளை தடவுகிறாள் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை.

அண்ணி சாலைப் பராமரிப்புத் துறையில் தினக்கூலியாகச் சேர்ந்தவள். முதலில் கிலோமீட்டர் கல்லுக்கு மஞ்சள் அடித்தாள். சரித்திரப் பலகைகளை யாரும் தொட விரும்பவில்லை, எழுத்து அதிகம், வெயிலில் நேரம் பிடிக்கும். "புதுசா வந்திருக்கே, நீ போ" என்று இவள் தலையில் கட்டினார்கள். கட்டினவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போனார்கள், பலகைகள் இவளோடு தங்கிவிட்டன. வேலை நிரந்தரமான அன்று ஆபீசில் கொடுத்த இனிப்பைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து என் அப்பா கையில் கொடுத்தாள். அப்பாவுக்கு இனிப்பு ஆகாது என்று தெரிந்தும் கொடுத்தாள், அவரும் ஆகாது என்று தெரிந்தே தின்றார். அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான்.

அவள் வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிடும். நான் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டுக்காவது ஜிப் மாற்றிக்கொண்டிருப்பேன். அண்ணி உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "குதிரைத் தொட்டியை மறுபடியும் லாரிக்காரன் முட்டிட்டான்" என்பாள். முன்னொரு காலத்தில் வண்டிக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி இருந்த இடம் என்று ஒரு பலகை. இப்போது அங்கே தொட்டியும் இல்லை, குதிரையும் இல்லை, ஒரு பேட்டரிக் கடைதான் இருக்கிறது. இன்னொரு பலகை, ஊருக்கு வந்த முதல் மோட்டார் கார் ஏற முடியாமல் நின்று, உள்ளே இருந்த துரைமார்கள் இறங்கித் தள்ளிய மேட்டைப் பற்றியது. அதை அடித்துவிட்டு வரும் நாளெல்லாம் அண்ணி சந்தோஷமாக இருப்பாள். பெரிய மனிதர்கள் வண்டி தள்ளியதை ஞாபகம் வைத்திருக்க ஒரு ஊர் இரும்பு செலவழித்திருக்கிறதே என்று சிரிப்பாள்.

"வாங்க சரித்திர நாயகியே, இன்னிக்கு எந்த நூற்றாண்டு?" என்று நான் சீண்டுவேன்.

"உன் வாய்க்கும் ஒரு பலகை வைக்கணும்டி. இவ்விடத்தில் ஒரு நாளும் அமைதி நிலவியதில்லைன்னு."

எனக்குக் கல்யாணம் அளவு சரியாக அமையவில்லை, அதனால் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். நாத்தனார் நிரந்தரமாக வீட்டில் இருந்தால் மருமகள் கொல்லைப்புறமாக ஓடிவிடுவாள் என்று சொந்தக்காரர்கள் ஜோசியம் சொன்னார்கள். அண்ணி ஓடவில்லை. என் அண்ணன் லாரி ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். வீட்டில் அவன் பேசுகிற வார்த்தைகளை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். ஆகவே எங்கள் வீட்டில் பேச்சு என்றால் நான், அண்ணி, அப்பா மூன்று பேர்தான்.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா செத்துப்போனவர். அதாவது, பலகையின்படி.

ஊருக்கு மேலே மலைப்பாதையில் ஒரு பெரிய வளைவு இருக்கிறது. அங்கே நிற்கும் பலகையில் இப்படி இருக்கும்: "இவ்விடத்தில் பாதை வெட்டும் பணியின்போது பாறை சரிந்து எட்டுப் பேர் உயிர் நீத்தனர். சரிந்த பாறையை அகற்ற இயலாமல் சாலை வளைத்துப் போடப்பட்டது." அப்பா வாலிபத்தில் அந்த வேலையில் இருந்தவர். பாறை விழுந்த அன்று ஆள் கணக்கில் அவர் பெயர் இருந்தது, ஆள் அங்கே இல்லை. மறுநாள் பத்திரிகையில் எட்டுப் பேர் என்று வந்துவிட்டது. அதற்கு மறுநாள் அப்பா முழுசாக வந்து நின்றார். பல வருஷம் கழித்து ஊர்ச் சரித்திரக் கழகத்தார் பழைய பத்திரிகையைப் பார்த்துப் பலகை வைத்தபோது, எட்டு என்றே வார்த்துவிட்டார்கள்.

"என்னை இரும்புல அடிச்சுச் சாகடிச்சிட்டானுங்க" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டீக்கடையில் அவருக்கு எட்டாம் நம்பர் என்றே பெயர். "எட்டாம் நம்பர் வந்தாச்சு, சர்க்கரை இல்லாம ஒண்ணு" என்று கடைக்காரர் குரல் கொடுப்பார். உடம்பு சரியில்லாமல் டாக்டரிடம் போனால், "எனக்கென்ன பயம், ஒரு தடவை செத்தாச்சு" என்பார். அன்று ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டால், "உங்கம்மாவைக் கேளு" என்று தள்ளிவிடுவார். அம்மா இருந்த காலத்தில் அவளைக் கேட்டால், "கல்யாணத்துக்கு முன்னாடி உங்கப்பா என்னை ஒரே ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. பகல் ஆட்டம். அதுவும் பாதிதான் பார்த்தோம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்குப் பிறகு அப்பா தியேட்டர் பக்கமே போனதில்லை. கஞ்சத்தனம் என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

இன்னொரு விசித்திரம் உண்டு. எங்கள் வீட்டில் யாரும் சீட்டி அடிக்கக் கூடாது. சின்ன வயதில் அண்ணன் சீட்டி அடித்துக்கொண்டே சைக்கிள் துடைத்தான். எதற்கும் கை நீட்டாத அப்பா அன்று அவன் முதுகில் ஒன்று வைத்தார். அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டது அன்றிலிருந்துதான் என்று நான் நினைப்பதுண்டு.

அந்த வளைவுப் பலகையும் அண்ணியின் பொறுப்பில்தான் இருந்தது. நாங்கள் சிரித்த விஷயத்துக்கு அவளால் சிரிக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து வருஷா வருஷம் அந்த "எட்டு" மேல் அவள் கையால் வெள்ளை தடவுகிறாள்.

"வீட்ல மாமாவுக்குச் சாப்பாடு போட்டுட்டு, மேல போய் அவர் செத்துட்டார்னு வெள்ளை அடிக்கிறேன். என்ன பொழைப்புடி இது?" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. நான் ஜிப்பைப் பார்த்துக்கொண்டே, "அவரே சிரிக்கிறாரு, உனக்கென்ன?" என்றேன்.

"சிரிக்கிறாருதான். ஆனா அந்த வளைவு வழியா பஸ் போறப்ப மட்டும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பறதில்லை. நீ கவனிச்சதில்லையா?"

நான் கவனித்ததில்லை. பெற்ற மகள் நான்.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன வருஷம் அண்ணி ஒரு முடிவுக்கு வந்தாள். மாமா உயிரோடு இருக்கும்போதே அந்தப் பலகையில் அவரை உயிரோடு ஆக்கிவிட வேண்டும். ஆபீசுக்கு நடந்தாள். மனு கொடுத்தாள். அந்த மேஜையிலிருந்து இந்த மேஜைக்கு, இந்த மேஜையிலிருந்து டீ குடிக்கப் போனவருக்கு. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், ஆபீஸ் அம்மியைவிடக் கனம், ஆனாலும் நகர்ந்தது. பிரிவு அதிகாரி நல்ல பெண்மணி, எப்போதும் ஜலதோஷத்தோடு இருப்பவர். பழைய துறை ஆவணத்தைத் தேடச் சொன்னார். அதில் செத்தவர்கள் ஏழு பேர் என்று தெளிவாக இருந்தது. பலகைதான் தப்பு.

அந்தப் பலகைகள் வரி வரியாகத் தனித்தனி இரும்புப் பட்டையில் வார்த்து, போல்ட் போட்டு முடுக்கியவை. ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும். "ஏழு" என்று புதுப் பட்டை வார்த்து வந்தது. அண்ணியே அதற்குப் பச்சையும் வெள்ளையும் அடித்தாள். வீட்டில் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். என் வாயில் ஒரு ரகசியம் அத்தனை நாள் தங்கியது எனக்கே ஆச்சரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் ஒர்க் ஷாப் வேனைக் கொண்டுவந்தான். காற்று வாங்கப் போகலாம் என்று அப்பாவை ஏற்றினோம். வேன் மலைப்பாதையில் திரும்பியதுமே அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணி பூரிப்போடு உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய துணி சுற்றிய பட்டை.

வளைவில் துறையின் ஃபிட்டர் ஏற்கெனவே வந்து காத்திருந்தார். போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, பழைய பட்டையைத் தளர்த்தி வைத்திருந்தார். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் புதர் மூடிய பாறைக் குவியல். அப்பாவை இறக்கிக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனோம். அண்ணி துணியைப் பிரித்தாள்.

"மாமா, பாருங்க. இனிமே நீங்க இதுல இல்ல. ஏழு பேருன்னு மாத்தியாச்சு. ஆபீஸ் ஆர்டரே வந்தாச்சு."

நான் கைதட்டத் தயாராக இருந்தேன். அப்பா அந்தப் பட்டையைப் பார்த்தார். அப்புறம் ஃபிட்டர் கையில் பாதி கழன்று தொங்கிய பழைய வரியைப் பார்த்தார். விறுவிறுவென்று போய், "எட்டுப் பேர்" என்ற எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"கழட்டாதே" என்றார்.

"மாமா?"

"கழட்டாதேம்மா. எட்டுதான் சரி."

ஃபிட்டர் ஸ்பேனரோடு எங்களைப் பார்த்தார். நான்தான் வாயைத் திறந்தேன், வேறு யார் திறப்பார்கள்? "என்னப்பா உளறுறீங்க, நீங்க தான் உயிரோட இருக்கீங்களே?"

"நான் இருக்கேன். அவன் இல்லையே."

அப்பாவைப் பாதையோரத் தடுப்புச் சுவரில் உட்கார வைத்தோம். அண்ணன் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் பாறைக் குவியலைப் பார்த்தபடி சொன்னார்.

அந்தக் காலத்தில் காலையில் மேஸ்திரி பெயர் கூப்பிடுவாராம். கூப்பிட்ட பெயருக்கு யாராவது "இருக்கேன்" என்று சொன்னால் போதும். ஒருத்தனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவன் தம்பி வருவான், கூட்டாளி வருவான், அந்தப் பெயருக்கு "இருக்கேன்" சொல்லி அன்றைய வேலையைச் செய்துவிட்டுப் போவான். மேஸ்திரிக்குத் தெரியும், ஆனால் அவருக்கு வேண்டியது தலைகள்தான், முகங்கள் இல்லை. அப்பா தங்கியிருந்த அறையில் இன்னொருவன் படுத்திருந்தான். எங்கிருந்தோ வந்தவன். சொந்தமாக அவன் பெயர் கணக்கில் ஏறவேயில்லை, எப்போதும் யாராவது ஒருவருக்குப் பதிலாக வேலைக்குப் போவான். எந்நேரமும் சீட்டி அடித்துக்கொண்டே இருப்பான். அதனால் எல்லோருக்கும் அவன் சீட்டி.

"உங்கம்மாவை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. அவன்கிட்ட கேட்டேன். 'போயிட்டு வாடா மாப்ளே, இன்னிக்கு நான் தான் நீ'ன்னான். சீட்டி அடிச்சுக்கிட்டே மேல ஏறிப் போனான்." அப்பா மேலே ஏறும் பாதையைக் கை காட்டினார். "படம் பாதில சத்தம் கேட்டுச்சு. தியேட்டரே ஆடுச்சு."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவைச் சுற்றிப் போனது.

"காண்ட்ராக்டர்கிட்ட போய் நின்னேன். என் பேர்ல செத்தது சீட்டின்னு சொன்னேன். 'அப்படி ஒரு ஆளே நம்ம கணக்குல கிடையாது. நீ உயிரோட இருக்கே, அப்ப ஏழு. ஆள் மாறாட்டம்னு வெளிய தெரிஞ்சா நீ உள்ள போவே, ஏழு குடும்பத்துக்கும் ஒண்ணும் கிடைக்காது'ன்னான். நான் வாயை மூடிக்கிட்டேன். பாறையையும் எடுக்கலை. அதைச் சுத்தி ரோட்டை வளைச்சிட்டாங்க. அவன் இன்னும் அதுக்குள்ள தான் இருக்கான்."

"அவருக்கு வீடு, வாசல், யாரும்...?" என்று அண்ணி கேட்டாள்.

"தெரியாதும்மா. ஒரே அறைல படுத்திருந்தோம், பேரு என்னடான்னு ஒருநாள் கூட நான் கேட்கலை." அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அப்புறம் இந்தப் பலகையை வெச்சாங்க. தப்பாப் பார்த்துத்தான் எழுதினாங்க, ஆனா எட்டுன்னு எழுதிட்டாங்க. உலகத்துல அவன் இருந்ததுக்கு அது ஒண்ணு தான் இருக்கு. யாரும் கிளறிடக் கூடாதேன்னு தான், அது நான்தான், அது நான்தான்னு சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

நல்லது செய்யப்போய்க் கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டதே என்று நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அழுதுகொண்டே பட்டையைத் துணியில் சுற்றிவிட்டாள்.

"அண்ணே, பழசையே முடுக்கிடுங்க" என்றாள் ஃபிட்டரிடம்.

"ஆர்டர் இருக்கும்மா" என்றார் ஃபிட்டர். "மாத்தலைன்னா நான் பதில் சொல்லணும்."

"நான் சொல்லிக்கிறேன். முடுக்குங்க."

ஃபிட்டர் தலையாட்டினார். பிறகு போல்ட்டை இறுக்கினார். அப்பா எழுந்து போய் மறுபடியும் அந்த எழுத்தின் மேல் கை வைத்தார், முடுக்கி முடியும் வரை எடுக்கவில்லை.

மறுநாள் அண்ணி ஆபீசுக்குக் கிளம்பும்போது அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நீ சொன்னா உன் வேலைக்குக் கேடு. நான் சொல்றேன்." அவள் வேண்டாம் என்றாள். நானும் வேண்டாம் என்றேன், இந்த வயதில் ஆள் மாறாட்டக் கேஸ் எல்லாம் எதற்கு என்று. "இத்தனை வருஷம் பயந்து என்னத்தைக் கண்டேன்?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினார்.

பிரிவு அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டாராம். கடைசியில் பேனாவை எடுத்து, "இறந்தவர் பேரு?" என்றாராம்.

"சீட்டி."

"அது பட்டப்பெயர் தானே ஐயா? நிஜப் பேரு?"

"எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்கு அவன் 'இருக்கேன்'னு சொன்ன பேரு என்னோட பேரு."

அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டு மறுபடியும் திறந்தாராம். பிறகு, திருத்தம் தேவையில்லை, பலகை சரியாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இன்னொரு தடவை மூக்கைத் துடைத்தார் என்று அண்ணி சொன்னாள். அது ஜலதோஷத்துக்காக இல்லை என்றும் சொன்னாள். "ஏழு" பட்டை துறையின் கிடங்குக்குப் போயிற்று. இப்போது அங்கே அண்ணி அதைப் பெயிண்ட் டின்னின் மூடி பறக்காமல் இருக்கக் கனமாக வைத்துக்கொள்கிறாள்.

அன்று சாயங்காலம் அப்பா டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் வழக்கம்போல, "எட்டாம் நம்பர் வந்தாச்சு" என்று குரல் கொடுத்திருக்கிறார். அப்பா பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே, "இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதீங்கப்பா. அது நான் இல்ல" என்றாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இருட்டுவதற்குள் கதை வீடு வீடாகப் போய்விட்டது. சிலர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அப்பா பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். வீட்டில் எனக்குத்தான் சில நாட்கள் சோறு இறங்கவில்லை. அந்தப் பாதிப் படம் இல்லாவிட்டால் அப்பா அந்தப் பாறைக்கு அடியில் இருந்திருப்பார், அண்ணனும் இல்லை, நானும் இல்லை. யாரென்றே தெரியாத ஒருவன் "இருக்கேன்" என்று சொல்லித்தான் நான் இருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணியிடம் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிவிட்டாள், பச்சைக் கையால்.

அந்த வருஷம் வளைவுப் பலகைக்கு வர்ணம் அடிக்கும் நாள் வந்தபோது அப்பாவும் கூட வருவேன் என்றார். நானும் மெஷினை மூடிவிட்டுப் போனேன். அண்ணி கழுவினாள், சுரண்டினாள், பச்சை அடித்தாள். காயும் வரை மூன்று பேரும் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள் சின்ன பிரஷை எடுத்து, வழக்கம்போல உரக்கப் படித்தபடியே ஒவ்வொரு எழுத்தாக வெள்ளை தடவிக்கொண்டு வந்தாள். "எட்டு" வந்ததும் நிறுத்தினாள்.

"மாமா, உங்க ஆள் வந்துட்டாரு" என்றாள்.

அப்பா உதட்டைக் குவித்தார். முன்பற்கள் போன வாய், வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் குவித்தார். நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்து புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். அண்ணி பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள், வெள்ளை அவள் மணிக்கட்டில் வழிந்தது. மூன்றாவது தடவை ஒரு மெல்லிய சத்தம் வந்தது. என்ன பாட்டு என்று தெரியவில்லை, யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு பாட்டின் இரண்டு வரி. வளைவுக்கு அந்தப் பக்கம் போய் மோதிவிட்டுத் திரும்பி வந்தது.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம், இப்ப அடிம்மா" என்றார்.